ஓபல் நகை வாங்குவோர் கவனத்திற்கு

துணி வாங்குவதில் நம்மை யாரும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது. ரோலைப் பிரித்து, விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்து, ஜி.எஸ்.எம். வெட்டி எடை போட்ட பிறகுதான் விலை பேசுவோம். அதே நாம் நகைக் கடைக்குள் நுழைந்ததும் விளக்கொளியில் மின்னுவதை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தை எடுத்து வைத்துவிடுகிறோம். நாங்களும் அப்படி ஒருமுறை செய்தவர்கள்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றுக்குச் சென்று திரும்புகையில் வீட்டுக்கென ஓர் ஓபல் பதக்கம் வாங்கி வந்தோம். பச்சையும் நீலமும் சிவப்புமாக அது வர்ணஜாலம் காட்டியது. ஆடிப்பெருக்குக்கு முதல்நாள், மற்ற நகைகளோடு அதையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வைத்துவிட்டார்கள். காலையில் பார்த்தால் கல்லின் ஓரங்களில் பால் படிந்தாற்போல் வெண்மை. எத்தனை துடைத்தும் போகவில்லை. ஆசாரியிடம் காட்டினோம். அவர் லென்ஸ் வைத்துப் பக்கவாட்டில் பார்த்துவிட்டு, "இது ஒரு கல் இல்லீங்க, மூணு தகடு ஒட்டினது" என்றார். பழைய பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தால், அதில் 'டிரிப்லெட்' என்று தெளிவாகவே எழுதியிருந்தது. விற்றவர் மறைக்கவில்லை. அந்தச் சொல்லின் பொருளைக் கேட்காமல் விட்டது நாங்கள்தான்.

ஏற்றுமதி நிமித்தம் அயல்நாடு செல்வோரும், ராசிக்கல் என்று ஓபல் தேடுவோரும் நமது உறுப்பினர்களிடையே பெருகியிருப்பதால், இது குறித்து நாங்கள் தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறோம்.

ஓபல் என்றால் என்ன?

வைரம், மாணிக்கம் போல ஓபல் படிகக் கல் அன்று. சிலிக்காவும் தண்ணீரும் சேர்ந்து உறைந்தது. நல்ல ஓபலில் பொதுவாக நூற்றுக்கு 6 முதல் 10 பங்கு வரை தண்ணீர் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சிலிக்கா உருண்டைகள், கடையில் அடுக்கிய ஆரஞ்சுப் பழங்களைப் போல வரிசையாக அடுங்கியிருப்பதால் ஒளி சிதறிப் பல நிறங்களாகத் தெரிகிறது. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1964-ல் மின்னணு நுண்ணோக்கி மூலம் இதைக் கண்டறிந்தனர். உருண்டைகள் பெரிதாக இருந்தால்தான் சிவப்பு வரும். சிவப்பு காட்டும் கல்லுக்கு விலை அதிகம் என்பதற்கு இந்த அருமையே காரணம்.

கடினத்தில் ஓபல் சற்று மெலிந்தது. மோஸ் அளவுகோலில் வைரம் 10, குவார்ட்ஸ் 7, ஓபல் 5.5 முதல் 6.5 வரை. நம் ஊர்ப் புழுதியில் உள்ள மணல் துகளே குவார்ட்ஸ்தான் என்பதால், தினமும் அணியும் மோதிரத்தைவிடத் தோட்டுக்கும் பதக்கத்துக்கும் ஓபல் பொருத்தமானது.

எங்கிருந்து வருகிறது?

ஆஸ்திரேலியாவின் கூபர் பீடி (1915 முதல்) வெள்ளை ஓபலுக்கும், லைட்னிங் ரிட்ஜ் கறுப்பு ஓபலுக்கும் பெயர் பெற்றவை. விலையில் உச்சம், கறுப்பு அடித்தளத்தில் சிவப்பு காட்டும் கல்லே. மெக்சிகோவிலிருந்து ஆரஞ்சு நிறத் தீ ஓபல் வருகிறது. 2008 முதல் எத்தியோப்பியாவின் வெலோ பகுதிக் கற்கள் உலகச் சந்தையில் குவிந்தன. இவை ஜெய்ப்பூரில் பெருமளவில் தீட்டப்படுகின்றன. இந்தியக் கடைகளில் நியாயமான விலைக்குக் கிடைக்கும் ஓபல்களில் பல இவ்வகையே.

முழுக்கல்லா, ஒட்டுக்கல்லா?

வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். கடையில் ஓபல் என்ற பெயரில் வரும் சரக்கைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

முழுக்கல்: மேலிருந்து கீழ்வரை ஒரே ஓபல். நூறு சதவீதப் பருத்தி போன்றது.

டபுள்லெட்: மெல்லிய ஓபல் தகட்டைக் கறுப்புக் கல் அல்லது கண்ணாடி மீது ஒட்டியது. கறுப்பு ஓபல் போலத் தோன்றும்.

டிரிப்லெட்: அதற்கும் மேலே குவார்ட்ஸ் அல்லது கண்ணாடி மூடி ஒட்டியது. இதில் உண்மையான ஓபல் காகிதக் கனம்தான் இருக்கும்.

செயற்கை ஓபல்: 1974 முதல் சந்தையில் உள்ளது. முதன்முதலில் தயாரித்தவர் பியேர் கில்சன். நிறத் திட்டுகள் பல்லியின் தோல் போலச் சிறு கட்டங்களாகத் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் தூண் தூணாக நிற்கும்.

போலி: கண்ணாடியும் பிளாஸ்டிக்கும். இவற்றில் ஓபலே இல்லை.

ஒட்டுக்கல் விற்பது குற்றமல்ல. கலப்பு நூல் பனியனைக் கலப்பு நூல் என்று சொல்லி விற்பதில் தவறில்லை அல்லவா? முழுக்கல் விலைக்கு ஒட்டுக்கல் கைமாறுவதுதான் தவறு. இதைக் கண்டுபிடிக்க நம்மிடம் உள்ள இழை எண்ணும் லென்ஸே ஓரளவு போதும். கல்லைப் பக்கவாட்டில் பாருங்கள். கத்தியால் வெட்டியது போன்ற நேர்க்கோடு தெரிந்தால் ஒட்டுக்கல். பின்புறம் தங்கத் தகட்டால் முழுதும் மூடியிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். பார்க்க முடியாத பக்கத்துக்கு விலை கொடுக்க வேண்டாம்.

பழைய நகை வாங்கும்போது

பழைய ஆங்கிலேய, ஆஸ்திரேலிய ஓபல் நகைகளுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது வெடிப்பு. ஆண்டுக்கணக்கில் உலர்ந்த ஓபலில் சிலந்தி வலை போல மயிரிழை வெடிப்புகள் தோன்றக்கூடும். சாய்வான வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் தெரியும். மேற்கீறலைத் தீட்டி எடுக்கலாம், உள்வெடிப்புக்கு மருந்தில்லை.

இரண்டாவது காலம். நூறாண்டு நகை என்று சொல்லப்படுவதில் செயற்கை ஓபலோ, வெலோ ஓபலோ இருந்தால், கட்டடம் பழையதாக இருந்தாலும் கல் பின்னால் மாற்றப்பட்டது என்று பொருள். கல்லைப் பிடிக்கும் நகங்கள் புதிதாக நெளிக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது தங்கத்தின் தரம். நாம் பழகியது 22 காரட், அதாவது 916. அந்நாட்டுப் பழைய நகைகளில் 9 காரட் (375), 18 காரட் (750) போன்ற தரங்களும் உண்டு. 9 காரட் நகையில் தங்கம் நூற்றுக்கு முப்பத்தேழரைப் பங்குதான். 22 காரட் கணக்கில் மதிப்புப் போட்டால் நஷ்டம் நமக்கே.

புதிய நகை வாங்கும்போது

இன்று நம் நாட்டில் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. அடையாளம் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் உள்ளது. ஆனால் ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டுமே உறுதி. கல்லுக்கு அது எந்த உறுதியும் தருவதில்லை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எடையிலும் கவனம் தேவை. ஒரு கிராமுக்கு 5 காரட் எடை. 3 காரட் கல் பதித்த 5 கிராம் மோதிரத்தில் கல்லின் எடை 0.6 கிராம், தங்கம் 4.4 கிராம்தான். 5 கிராமுக்கும் தங்க விலை போட்டு, கல்லுக்கும் தனி விலை போட்டால், கல்லுக்கு இருமுறை பணம் கட்டுகிறோம்.

பில்லில் இவை இருக்கட்டும்:

1. தங்க எடை, கல் எடை தனித்தனியாக.
2. முழுக்கல், டபுள்லெட், டிரிப்லெட், செயற்கை ஆகியவற்றில் எது என்ற விவரம்.
3. எந்த நாட்டுக் கல் என்பது.
4. புகையூட்டல், சாயம் போன்ற பக்குவம் செய்யப்பட்டிருந்தால் அதுவும்.

பெரிய தொகை என்றால் இரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழ் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நம் மண்ணின் கல்

ஓபலைத் தேடிக் கடல் கடக்கும் நாம், அடுத்த ஊரை மறந்துவிடுகிறோம். திருப்பூரிலிருந்து காங்கேயம் செல்லும் வழியில் உள்ள படியூர், பெரில் கல்லுக்குப் பழங்காலம் தொட்டே புகழ் பெற்றது. 1819, 1820-ஆம் ஆண்டுகளில் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே சுரங்கம் நடத்தினார். நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் மணி செய்யும் தொழிற்கூடச் சான்றுகளும் பெரில், நீலம், சூதுபவளம் முதலியனவும் கிடைத்துள்ளன. பதிற்றுப்பத்தும் கொடுமணத்து அணிகலன்களைப் பேசுகிறது.

காங்கேயம் பகுதியின் மற்றொரு செல்வம் சந்திரகாந்தக் கல். வெள்ளை, சாம்பல், பழுப்பு எனப் பல நிறங்களில் கிடைக்கிறது. இதை ஓபல் என்றும், ஓபலை இது என்றும் குழப்பிக்கொள்வோர் உண்டு. ஓபலில் பல நிறங்கள் திட்டுத் திட்டாகத் தெரியும். சந்திரகாந்தத்தில் நிலவொளி போன்ற ஒரே மெல்லொளி, கல்லை அசைக்க அசைக்க நகர்ந்து செல்லும். 'ஓபலைட்' என்று விற்கப்படுவது இரண்டுமல்ல, வெறும் கண்ணாடி. கறுப்புத் துணிமேல் வைத்தால் நீலமாகவும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகவும் தெரியும். உள்ளே காற்றுக் குமிழிகளும் இருக்கலாம்.

இந்த ஏமாற்று புதிதன்று. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி, ஓபலைப் போல வேறெந்தக் கல்லும் கண்ணாடியால் அவ்வளவு அச்சாகப் போலி செய்யப்படுவதில்லை என்றும், இந்தியர் பளிங்குக்குச் சாயமேற்றிப் பெரில் செய்கிறார்கள் என்றும் எழுதிவைத்தார். நம் நாட்டுச் சரக்கின் புகழோடு இந்தப் பேச்சும் ஏடேறிவிட்டது.

பராமரிப்பு

டபுள்லெட், டிரிப்லெட் நகைகளை நீரில் ஊறவைக்கக் கூடாது. ஒட்டுப் பசை வெளுத்துவிடும். எத்தியோப்பிய ஓபல் நீரை உறிஞ்சும். நனைந்தால் நிறம் மறைந்து, பல நாள் உலர்ந்த பிறகு திரும்பும். எண்ணெயும் சென்டும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெயில் போட்டு வைத்தால் நல்லது என்பது தவறான நம்பிக்கை. எந்த ஓபலையும் சூடுபடுத்தவோ, அதிர்வு இயந்திரத்தில் கழுவவோ வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, மற்ற நகைகளோடு உரசாமல் தனிப்பையில் வைத்தால் போதும்.

எங்கள் பதக்கம் இன்றும் பெட்டியில்தான் இருக்கிறது. ஓரம் வெளுத்ததை அப்படியே விட்டுவிட்டோம். கடையில் வாடிக்கையாளர் ஒருவர் லேபிளைக் காட்டி, "இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று கேட்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும். பில்லில் சரியாக எழுதிவிட்டால் மட்டும் வியாபாரியின் கடமை முடிந்துவிடாது. வாங்குபவருக்குப் புரியும்படி வாயாலும் சொல்ல வேண்டும். அந்தப் பதக்கத்தை விற்றவர் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் நாங்கள் அதை வாங்கியிருப்போம், நீரில் மட்டும் போட்டிருக்க மாட்டோம்.