மலை ஆடுகளும் கோமாரித் தடுப்பூசியும்

கால்நடைகளுக்குத் தொத்து வியாதி வருமுன் ஊசி குத்துவித்தல் நலம் என்பது குடியானவர் யாவரும் ஒப்புக்கொள்ளும் விஷயமே. ஆயினும், வியாதி நாலாபக்கமும் பரவிவிட்ட பின்பு, வேலியில்லாத மலைமீது மேயும் ஆடுகளுக்கு ஊசி குத்தலாமா என்று கேட்டால், விடை அவ்வளவு எளிதன்று. 2001-ம் வருஷத்தில் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள கம்ப்ரியா ஜில்லாவில் இக்கேள்வி எழுந்தது. அங்கு நேர்ந்ததை ஆராய்ந்து பார்த்தல் மந்தை வைத்திருப்போர் அனைவருக்கும் பயன் தரும்.

அவ்வருஷம் பிப்ரவரி 20-ந் தேதி, எஸெக்ஸ் ஜில்லாவிலுள்ள ஒரு கசாப்புத் தொட்டிக்கு வந்த பன்றிகளிடம், நம் குடியானவர் கோமாரி என்றும் காணை என்றும் அழைக்கும் நோய் இருப்பது உறுதியாயிற்று. நோய் வடக்கேயுள்ள ஒரு பன்றிப் பண்ணையில் தொடங்கி, அருகில் மேய்ந்த செம்மறி ஆடுகளையும் பற்றியிருந்தது. அவ்வாடுகள் சந்தைக்குச் சென்றன. சந்தையிலிருந்து பல ஜில்லாக்களுக்கும் சென்றன. மாட்டுக்குக் கோமாரி கண்டால் வாயில் நுரை தள்ளும், கால் நொண்டும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். செம்மறிக்கோ அறிகுறிகள் மிகவும் சொற்பம். ஆகையால் நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்னரே அது ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் வேரூன்றிவிட்டது.

சர்க்கார் கைக்கொண்ட வழி, நோய் கண்ட மந்தையையும் அதை அடுத்துள்ள மந்தைகளையும் கொன்று அழிப்பதாகும். பிரிட்டனில் 2,026 இடங்களில் நோய் கண்டது. அவற்றுள் கம்ப்ரியாவில் மட்டும் 893. நோயைத் தடுக்கவும், இடம் பெயர்க்க முடியாமல் தீவனமின்றித் தவித்தவற்றின் துன்பத்தைத் தீர்க்கவுமாக 60 லட்சத்துக்கு மேற்பட்ட பிராணிகள் கொல்லப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை செம்மறிகளே.

கம்ப்ரியா மலைகளில் மேயும் ஹெர்டுவிக் ஆடுகள் சாதாரண ஆடுகளல்ல. அம்மலைகள் பல குடியானவர்களுக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம். உச்சியில் சுவரோ வேலியோ பெரும்பாலும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு மந்தையும் தனக்குரிய சரிவை விட்டு அதிகம் விலகுவதில்லை. தாயாட்டுடன் மேயும் குட்டி அந்த எல்லையைக் கற்றுக்கொள்கிறது. அது தாயானபின் தன் குட்டிக்குக் கற்பிக்கிறது. இவ்வழக்கத்தை அங்கே ‘ஹெப்ட்’ என்பர். பண்ணை கைமாறினாலும் மந்தை மலையோடேயே நின்றுவிடுவது அங்கே பழைய ஏற்பாடு. இத்தகைய மந்தையைக் கொன்றுவிட்டால், ஆட்டின் விலையைச் சர்க்கார் நஷ்டஈடாகத் தரலாம். எல்லையறிந்த மந்தையை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது. புதிய ஆடுகளை விட்டால், அவை எல்லையைப் பழகும்வரை வருஷக் கணக்கில் ஆள் வைத்துக் காக்க வேண்டும்.

ஆகவே, ஊசி குத்தி ஆடுகளைக் காப்பாற்றலாமே என்று பலர் கேட்டனர். தடுப்பு மருந்து கொல்லப்பட்ட கிருமியினால் ஆவது. ஆகையால் அதனால் நோய் உண்டாகாது. குத்திய சில நாட்களுக்குள் பலன் தரத் தொடங்கும். நோய் கண்ட இடத்தைச் சுற்றி வளையம்போல் ஊசி குத்தினால் பரவுதலைத் தடுக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

இதற்குக் கூறப்பட்ட தடைகள் மூன்று. முதலாவது, ஊசி குத்த வேண்டுமானால் மலையிலுள்ள ஆடுகளையெல்லாம் ஓட்டி வந்து ஒரே பட்டியில் அடைக்க வேண்டும். அவற்றுள் ஒன்றுக்கு நோய் இருந்தால் மற்றவற்றுக்கும் தொத்தும். ஈனும் பருவத்துச் சினையாடுகளை விரட்டினால் கருச்சிதைவு நேரலாம். இரண்டாவது, ஊசி போட்ட ஆட்டிலும் நோய் பட்டால் கிருமி சில மாதங்கள் தொண்டையில் தங்கியிருக்கக் கூடும். மூன்றாவது, வியாபாரம். அன்றைய சர்வதேச விதிப்படி, கொன்று அழித்த தேசம் 3 மாதத்தில் நோயற்ற தேசம் என்ற அந்தஸ்தைத் திரும்பப் பெறலாம். ஊசி குத்தி உயிரோடு வைத்திருந்தாலோ 12 மாதம் காத்திருக்க வேண்டும். இதனால் நெதர்லாந்து தேசத்தார் அதே வருஷம் ஊசி குத்திய பிராணிகளையும் பின்னர் கொன்றுவிட்டனர். பிரிட்டனில் மாடுகளுக்கு மட்டும் ஊசி போட ஐரோப்பிய அதிகாரிகளின் அனுமதி கிடைத்தும், அது நிறைவேறவில்லை. குடியானவர் சங்கத் தலைவர்களும் உணவு வியாபாரிகளும் ஒப்பவில்லை. வாதம் முடிவதற்குள் மந்தைகள் அழிந்தன. குளிர்காலத்துக்காகச் சமவெளிக்கு அனுப்பப்பட்டிருந்த இளம் ஹெர்டுவிக் ஆடுகளிலும் பல அங்கேயே மாண்டன.

கடைசி நோய் செப்டம்பர் 30-ந் தேதி கண்டது. சர்க்காருக்கு 300 கோடி பவுனுக்கு மேலும், தனியாருக்கு 500 கோடி பவுனுக்கு மேலும் நஷ்டம் என்று கணக்கிடப்பட்டது. 2002-ல் ராயல் சொசைட்டி விசாரணைக் குழுவினர், ஊசி குத்தி உயிரோடு வைத்தல் இனிமேல் முக்கியமான ஆயுதமாக இருக்க வேண்டும் என்று சிபார்சு செய்தனர். நோய் பட்ட பிராணியையும் ஊசி மட்டும் போட்ட பிராணியையும் இரத்தப் பரிசோதனையால் பிரித்தறியும் முறையைக் கொண்டு, அவ்வருஷமே 12 மாதக் காலம் 6 மாதமாகக் குறைக்கப்பட்டது.

இதிலிருந்து அறிய வேண்டியது என்ன? மலை ஆட்டுக்கு ஊசி குத்துவதா என்பதைத் தனி ஒருவர் தீர்மானிக்க இயலாது. பொது மலையில் ஒருவர் ஊசி போட்டு மற்றவர் போடாவிட்டால் இருவருக்கும் பாதுகாப்பில்லை. மலையைப் பகிர்ந்துகொள்வோர் அனைவரும் ஒன்றுகூடி, ஆடுகளை எங்கு எவ்வாறு திரட்டுவது, ஊசி போட்டவற்றை எப்படி அடையாளமிடுவது, அவற்றின் இறைச்சியை வாங்குவோர் யார் என்பதை முன்னரே முடிவு செய்திருத்தல் வேண்டும். அவ்வித ஏற்பாடு உள்ள இடத்தில் ஊசி மந்தையைக் காக்கும். அது இல்லாத இடத்தில் நல்ல மருந்தும் தாமதத்தினால் வீணாகும். வெள்ளம் வந்த பின் அணை போட முயன்றதன் பலனையே 2001-ல் கம்ப்ரியாவின் குடியானவர் அனுபவித்தனர்.