சங்கிலி ரம்பத்தால் கிளை கழிக்கும் முறை

மழைக்காலம் தொடங்குமுன் சாலையோர மரங்களின் கிளைகளைக் கழிப்பது நாட்டின் பல பகுதிகளில் வழக்கம். வேம்பு, நாவல், தூங்குமூஞ்சி முதலிய மரங்களின் காய்ந்த கிளைகள் காற்றில் முறிந்து விழாமல் தடுப்பதே இதன் நோக்கமாகும். அரிவாளாலும் கைரம்பத்தாலும் நடைபெற்றுவந்த இவ்வேலைக்கு இப்பொழுது சங்கிலி ரம்பம் பயன்படுகிறது. வேலை விரைவில் முடிகிறது. அபாயமும் அதற்கேற்ப மிகுதி.

ரம்பம் துள்ளுவது ஏன்?

சங்கிலியானது நீண்ட தகடொன்றின் விளிம்பைச் சுற்றி நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தகட்டின் கீழ்விளிம்பில் பற்கள் வேலையாளை நோக்கி ஓடுவதால், ரம்பம் மரத்தின் பக்கம் இழுக்கப்படுகிறது. மேல்விளிம்பால் அறுக்கும்பொழுது அது வேலையாளின் பக்கம் தள்ளப்படுகிறது. நுனியின் மேற்பகுதி சிறு கிளையொன்றில் பட்டாலோ, பற்கள் அங்கே சிக்க, தகடு கண்ணிமைக்கும் நேரத்தில் மேலெழுந்து முகத்தை நோக்கித் திரும்பும். சங்கிலியை நிறுத்தும் தடை இதற்காகவே அமைந்துள்ளது. எனினும் அதை மட்டும் நம்பலாகாது. கைப்பிடிகளை இரு கைகளாலும், பெருவிரல் சுற்றிவரும்படி இறுகப் பற்ற வேண்டும். தோளுக்கு மேல் உயர்த்தி அறுத்தலும், ஏணிமீது நின்று அறுத்தலும் கூடா. உயரமான கிளைகளுக்கு நீண்ட கோலில் பொருத்திய ரம்பமே ஏற்றது.

மூன்று வெட்டுகள்

கனத்த கிளையை மேலிருந்து ஒரே வெட்டில் அறுத்தால், அது பாதியில் முறிந்து, அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். ஆகவே, அடிமரத்திலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி, கிளையின் அடிப்புறத்தில் கால் பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு இடவேண்டும். அதற்குச் சில செ.மீ. வெளியே, மேற்புறத்திலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். எஞ்சிய முளையை மூன்றாவது வெட்டு நீக்கும்.

கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் சற்றுப் பருத்த வளையம் காணப்படும். மூன்றாவது வெட்டு அவ்வளையத்துக்கு வெளியே அமையவேண்டும். அடிமரத்தோடு ஒட்ட அறுப்பதே சரியென்று முன்னர்க் கருதப்பட்டது. அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர் அலெக்ஸ் ஷைகோ 1970-களிலும் 1980-களிலும் அதன் தவற்றை விளக்கினார். மரத்தின் காயம் நம் உடற்காயம்போல் ஆறுவதில்லை. மரம் அழுகலைச் சுற்றித் தடுப்பு எழுப்பி, புதிய திசுவால் மூடிக்கொள்கிறது. வளையம் வெட்டுண்டால் அழுகல் அடிமரத்துள் பரவும். வெட்டிய இடத்தில் தார் பூசுவதால் அழுகல் தடைப்படுவதில்லை.

முன்னெச்சரிக்கைகள்

தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு, கையுறை, தடித்த காலணி, ரம்பவேலைக்குரிய காற்சட்டை ஆகியவை அவசியம். கிளை விழும் எல்லைக்குள் எவரையும் அனுமதிக்கலாகாது. அருகில் மின்கம்பி இருப்பின், மின்துறையினர் மின்சாரத்தை நிறுத்தியது உறுதியான பின்னரே வேலை தொடங்கவேண்டும். பல மாநிலங்களில் மரப் பாதுகாப்புச் சட்டங்கள் உள்ளன. தில்லிச் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. எனவே முன்னனுமதி பெறுதல் நலம்.

ஆசிரியர்கள் பள்ளியருகிலுள்ள மரங்களில் பழைய வெட்டுகளை மாணவர்க்குக் காட்டலாம். முறையாக வெட்டிய இடத்தைச் சுற்றிப் புதுத்திசு முழு வட்டமாக வளர்ந்திருக்கும். ஒட்ட வெட்டிய இடத்தில் மேலும் கீழும் வளர்ச்சி குன்றியிருக்கும்.