எழுபது கிலோவும் நாற்பத்தைந்து கிராமும்

இந்தோனேசியத் தீவுகளில் வாழும் கொமோடோ உடும்பு சுமார் 70 கிலோ எடை இருக்கும். பெரிய ஆண் மூன்று மீட்டர் நீளம் வரை வளரும். வட அட்லாண்டிக் கடலில் பறக்கும் லீச் ஸ்டார்ம் பெட்ரல் பறவையோ 45 கிராம்தான். உடும்பைத் தராசின் ஒரு தட்டில் வைத்தால், மறுதட்டில் ஆயிரத்து ஐந்நூறு பறவைகளையாவது ஏற்ற வேண்டும்.

ஆனால் இரை தேட இரண்டும் நம்புவது வாசனையைத்தான்.

உடும்பு தன் பிளந்த நாக்கை நீட்டிக் காற்றில் மிதக்கும் வாசனைத் துகள்களைப் பற்றி, மேல்வாயில் உள்ள மோப்ப உறுப்பில் சேர்க்கிறது. காற்று சாதகமாக அடித்தால் நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கும் பிணமும் அதற்குத் தெரிந்துவிடும். மானையோ எருமையையோ பதுங்கியிருந்து தாக்கவும் செய்யும். அதன் வாயில் நஞ்சுச் சுரப்பிகள் இருப்பதை 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. எச்சிலின் பாக்டீரியாதான் இரையைக் கொல்கிறது என்பதே அதுவரை பரவலாக இருந்த நம்பிக்கை. ஒரே வேளையில் தன் எடையில் 80 சதவீதம் வரை விழுங்கிவிட்டுப் பல வாரம் சும்மா கிடக்கும்.

பறவைகளுக்கு மோப்பம் இல்லை என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். பெட்ரலுக்கோ அலகின் மேல் குழாய் போன்ற மூக்கு. கடலின் நுண்பாசியைச் சிற்றுயிர்கள் மேயும்போது டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு எழும். அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு போனால் இரை இருக்கும். கடற்காகங்களுக்குப் பயந்து இரவில்தான் கரைக்கு வரும் இப்பறவை, தன் வளையையும் மோப்பத்தால்தான் கண்டுபிடிக்கிறது. கனடாவின் கென்ட் தீவில் 1970-களில் நடந்த சோதனையில், மூக்கை அடைத்துவிட்ட பறவைகளால் வளைக்குத் திரும்ப முடியவில்லை.

பிள்ளை வளர்ப்பில்தான் இரண்டும் எதிரெதிர். உடும்பு சுமார் இருபது முட்டை இடும், குஞ்சுகளை வளர்ப்பதில்லை. பெரிய உடும்புகளே தின்றுவிடும் என்பதால் பொரிந்த குஞ்சுகள் மரமேறிக்கொள்கின்றன. பெட்ரல் ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். தாயும் தந்தையும் முறைவைத்து ஆறு வாரம் அடைகாக்கும். பிறகு இரையை வயிற்றில் எண்ணெயாக்கிக் கொண்டுவந்து குஞ்சுக்கு ஊட்டும்.

உடல் பெரிதானால் ஆயுளும் நீளும் என்பது பொதுக்கணக்கு. கொமோடோ உடும்பின் ஆயுள் சுமார் 30 ஆண்டு. இந்த 45 கிராம் பறவை 35 ஆண்டைத் தாண்டியும் வாழ்ந்திருக்கிறது. காரணம் இதுவாக இருக்கலாம்: குரோமோசோம் நுனியில் உள்ள டெலோமியர் என்ற உறை, வயதாக ஆக மற்ற உயிர்களில் பெரும்பாலும் தேயும். லீச் பெட்ரலில் அது நீள்கிறது என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது.