எல்லையும் மொழியும்: யோர்தான் துறையில் ஒரு சொல்



நீதித் தலைவர்கள் நூலின் 12-ஆம் அதிகாரம் ஞாயிறு வாசகங்களில் வருவதில்லை. எனவே நம்மில் பலருக்கு அது நினைவில் இருக்காது. கிலயாதியருக்கும் எப்ராயிமியருக்கும் போர் மூண்டது. தோற்றுப்போன எப்ராயிமியர் யோர்தானைக் கடந்து வீடு திரும்பப் பார்த்தார்கள். ஆற்றுத் துறைகளைப் பிடித்துக்கொண்ட கிலயாதியர், கடக்க வந்த ஒவ்வொருவரிடமும் ஒரேயொரு சொல்லைச் சொல்லும்படி கேட்டார்கள். அதன் முதல் ஒலி எப்ராயிமியரின் நாவில் சரியாக வராது. சொல்லத் தெரியாதவரை அங்கேயே வெட்டிச் சாய்த்தார்கள். இறந்தவர்கள் 42,000 பேர் என்கிறது விவிலியம். இரு பக்கத்தாரும் இஸ்ரயேலர்தாம்.

எல்லையையும் மொழியையும் ஒரே முடிச்சில் கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டியதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பல ஆண்டுகளாக நடந்துவரும் விவாதம் இந்த முடிச்சைப் பற்றியதே. உரிய ஆவணம் இல்லாமல் குடியேறியவர்களை என்ன செய்வது என்பது ஒரு கேள்வி. நாட்டுக்கு ஆங்கிலம் என்ற ஒரே பொதுமொழி வேண்டாமா என்பது இன்னொரு கேள்வி. இரண்டும் எப்போதும் கைகோத்தே வருகின்றன. "போன இடத்து மொழியைக் கற்றுக்கொண்டு, சட்டப்படி வரிசையில் நின்றால் என்ன ஃபாதர்?" என்று நம் பங்குகளிலும் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

ஆவணம் இல்லாதோர் எல்லாரும் வேலி தாண்டி வந்தவர்கள் அல்லர். விசா பெற்று விமானத்தில் முறையாக வந்து, காலக்கெடு முடிந்தபின் தங்கிவிட்டவர்களும் பலர். அந்நாட்டுச் சட்டப்படி, முதல் முறை சோதனைச்சாவடியைத் தவிர்த்து நுழைவது சிறு குற்றம். விசா முடிந்தபின் தங்குவது குற்றவியல் சாராத சட்டமீறல். இரண்டுக்கும் நாடுகடத்தல் உண்டு. இனி மொழிக்கு வருவோம். குடியுரிமை பெற ஆங்கிலம் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி 1906 முதலே அங்கு இருக்கிறது. பொதுவாக 5 ஆண்டுகள் நிரந்தர வசிப்புரிமையுடன் வாழ்ந்தபின் அந்தத் தேர்வை எழுதலாம். ஆவணம் இல்லாதவரோ, ஆங்கிலத்தில் எவ்வளவு தேர்ச்சி பெற்றாலும் அந்தத் தேர்வு அறைக்குள் நுழைய முடியாது. மொழி கற்றதற்காக எவருக்கும் வசிப்புரிமை கிடைப்பதில்லை. அவர்களில் மிகப் பலருக்கு நிற்பதற்கு ஒரு வரிசையே இல்லை என்பதைக் கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். போர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். வீட்டில் பேசுவது இஸ்பானியம். 1848-இல் மெக்சிக்கோவுடன் நடந்த போர் முடிந்தபோது நியூ மெக்சிக்கோவிலும் கலிபோர்னியாவிலும் வாழ்ந்த இஸ்பானிய மொழிக் கத்தோலிக்கர்கள் எந்த எல்லையையும் கடக்கவில்லை. எல்லைதான் அவர்களைக் கடந்து போனது. இதற்கு நேர்மாறாக, கைக்குழந்தையாகக் கொண்டுவரப்பட்டு, ஆங்கிலம் மட்டுமே சரளமாகப் பேசும் இளைஞர்கள் இலட்சக்கணக்கில் ஆவணமின்றி இருக்கிறார்கள். 2012-இல் அவர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. குடியுரிமைக்கு அது வழி திறக்கவில்லை. ஆக, மொழியை வைத்து ஆவணத்தையோ, ஆவணத்தை வைத்து மொழியையோ கண்டுபிடிக்க முடியாது.

இதை அறிய நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதே இல்லை. 1983-க்குப் பின் படகேறி நம் கரைக்கு வந்த இலங்கைத் தமிழர்கள் பேசுவது நம் மொழி. முகாம்களில் பிறந்த பிள்ளைகள் நம் பள்ளிகளில் நம் பிள்ளைகளோடு படித்தார்கள். ஆயினும் குடியுரிமைச் சட்டத்தில் 2003-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்துக்குப்பின், 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வரையறை அவர்களில் பலருக்குத் தடைச்சுவராக நின்றது. ஒரே மொழி பேசியும் அந்தச் சுவர் இளகவில்லை.

அமெரிக்கக் கதைக்குத் திரும்புவோம். 2005 டிசம்பரில் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆவணமின்றி இருப்பதையே பெருங்குற்றமாக்கிய அது, அத்தகையோருக்கு உதவுவோரையும் தண்டிக்க வழிவகுத்தது. 2006 மார்ச் 1, திருநீற்றுப் புதன். லாஸ் ஏஞ்சல்ஸ் பேராயர் கர்தினால் ரோஜர் மஹோனி, அது சட்டமானால் அதற்குக் கீழ்ப்படிய வேண்டாம் எனத் தம் குருக்களிடம் சொல்லப்போவதாக அறிவித்தார். பசித்தவரிடம் ஆவணம் கேட்டபின் உணவு பரிமாறுவது திருச்சபையால் ஆகாத காரியம்.

அந்த ஆண்டு மேலவை மாற்று மசோதா ஒன்றை விவாதித்தது. ஆவணம் இல்லாதோர் பலர் சட்டப்படி தங்க அது வழி செய்தது. ஆங்கிலம் கற்பதையும் நிபந்தனையாக வைத்தது. மே 18 அன்று, ஆங்கிலம் 'தேசிய மொழி' என்ற திருத்தம் 63-க்கு 34 என்ற கணக்கில் வென்றது. அதே நாளில், ஆங்கிலம் 'பொதுவான, ஒன்றிணைக்கும் மொழி' என்ற வேறொரு திருத்தமும் 58-க்கு 39 என்று வென்றது! ஒன்று கதவைச் சாத்துவது போலவும், மற்றொன்று திறப்பது போலவும் ஒலிக்கும் இரு வாசகங்களுக்கும் ஒரே அவை சம்மதித்தது. இரண்டு மசோதாக்களும் சட்டமாகவில்லை என்பது வேறு கதை.

பொதுமொழி வேண்டும் என்பவர்களை வெறுப்பாளர்கள் என்று ஒதுக்குவது நமக்கு உடன்பாடில்லை. மருத்துவமனையில் தாயின் நோயைப் பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய நிலை அந்தத் தாய்க்கும் நல்லதல்ல, பிள்ளைக்கும் நல்லதல்ல. சம்பளம் தராமல் ஏமாற்றும் முதலாளியிடம் நியாயம் கேட்கவும் மொழி வேண்டும். திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (எண் 2241) இரு பக்கமும் பேசுகிறது. வளமான நாடுகள் இயன்ற அளவு அந்நியரை ஏற்கக் கடமைப்பட்டவை; பொதுநலனுக்காக அரசு நிபந்தனைகள் விதிக்கலாம்; வந்தவரும் தம்மை ஏற்ற நாட்டின் மரபை மதித்து, அதன் சட்டங்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும். நம் திருத்தந்தை 14-ஆம் லியோ சிகாகோவில் பிறந்தவர். 1985-இல் மறைப்பணிக்காகப் பெரு நாட்டுக்குப் போனவர். பின்னாளில் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றார். 2025 மே 8 அன்று பேதுரு பேராலய மேல்மாடத்தில் முதன்முதலாகத் தோன்றியபோது, இத்தாலியத்துக்கு நடுவே தம் பழைய மறைமாவட்ட மக்களை இஸ்பானியத்தில் வாழ்த்தினார். ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பேசவில்லை.

ஆனால் மொழியை எப்படிக் கற்பிப்பது? இதில் அமெரிக்கத் திருச்சபைக்கே காயங்கள் உண்டு. 1889-இல் விஸ்கான்சின் மாநிலம் பள்ளிகளில் ஆங்கிலவழிக் கல்வியைக் கட்டாயமாக்கியபோது ஜெர்மானியக் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் சேர்ந்தே எதிர்த்தார்கள். 1891-இல் சட்டம் நீக்கப்பட்டது. போலந்துக்காரர்கள் ஐரிஷ், ஜெர்மானிய ஆயர்களின் கீழ்த் தங்கள் குரல் எடுபடவில்லை என்று மனம் வெதும்பினார்கள். ஆலயச் சொத்து யாருடையது என்ற சண்டையும் சேர்ந்துகொள்ள, 1897-இல் ஸ்கிராண்டன் நகரில் ஒரு பிரிவினைச் சபையே உருவாயிற்று. முதல் உலகப் போருக்குப்பின், 1919-இல் நெப்ராஸ்கா மாநிலம் எட்டாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைகளுக்குப் பிற மொழிகளைக் கற்பிக்கத் தடை விதித்தது. ராபர்ட் மேயர் என்ற லூத்தரன் பள்ளி ஆசிரியர் பத்து வயதுச் சிறுவனுக்கு ஜெர்மன் மொழியில் விவிலியக் கதை படிக்கக் கற்றுக்கொடுத்தார். அதற்காக அவருக்கு 25 டாலர் அபராதம். 1923-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. அந்த ஜெர்மானியரின் பேரப்பிள்ளைகள் இன்று ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். அபராதம் போட்டதால் வந்த ஆங்கிலம் அல்ல அது.

1986-இல் வேறொன்று நடந்தது. அவ்வாண்டுச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 27 இலட்சம் பேர் நிரந்தர வசிப்புரிமை பெற்றார்கள். அவர்களில் பலர் அதற்கு அடிப்படை ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும், அல்லது வகுப்பில் சேர்ந்து படிக்க வேண்டும். விண்ணப்பிக்க உதவியதில் கத்தோலிக்க அமைப்புகளுக்குப் பெரும்பங்கு உண்டு. கற்றால் கதவு திறக்கும் என்று தெரிந்ததும் மக்கள் வகுப்புகளைத் தேடி வந்தார்கள்.

திருச்சபைச் சட்டமும் இங்கே மென்மையாகவே நடந்துகொள்கிறது. பங்கு என்பது நிலப்பரப்பைச் சார்ந்தது என்றாலும், தேவைப்பட்டால் மொழியின் அடிப்படையிலும் பங்கு அமைக்கலாம் (எண் 518). பாவசங்கீர்த்தனத்தைக்கூட மொழிபெயர்ப்பாளர் வழியாகச் செய்ய எவருக்கும் தடையில்லை (எண் 990).

இப்போதைய நிலைக்கு வருவோம். 2025 மார்ச் 1 அன்று குடியரசுத் தலைவர் டிரம்ப் தம் ஆணையால் ஆங்கிலத்தை நாட்டின் அலுவல் மொழியாக அறிவித்தார். தேசிய அளவில் அதற்குமுன் அலுவல் மொழி என்று ஒன்று இருந்ததில்லை. ஆங்கிலம் அறியாதோருக்கு அரசு சேவைகள் கிடைக்க வழிசெய்த 2000-ஆம் ஆண்டு ஆணையும் அன்றே நீக்கப்பட்டது. மற்ற மொழிச் சேவைகளை நிறுத்தியாக வேண்டும் என்று புதிய ஆணை சொல்லவில்லை. எனவே அதைக் கண்டு அளவுக்கு மீறிப் பதறவேண்டியதில்லை என்பதே நம் கருத்து.

நமக்குக் கவலை தருவது வேறு. அவ்வாண்டு கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் குடியேற்ற அதிகாரிகள் தெருக்களிலும் வேலைத்தலங்களிலும் ஆட்களைப் பிடித்தார்கள். இனத்தோற்றம், இஸ்பானியம் பேசுவது அல்லது ஆங்கிலத்தை வேற்று உச்சரிப்பில் பேசுவது, நிற்கும் இடம், செய்யும் வேலை ஆகியவற்றை மட்டும் வைத்து எவரையும் நிறுத்தி விசாரிக்கக்கூடாது என்று கீழ் நீதிமன்றம் ஜூலையில் தடை விதித்தது. செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, அந்தத் தடையை நிறுத்திவைத்தது. உச்சரிப்பு மறுபடியும் ஆற்றுத் துறைக்கு வந்துவிட்டது. தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்த பேதுருவையும் அவரது கலிலேயப் பேச்சுத்தான் காட்டிக்கொடுத்தது என்று மத்தேயு எழுதுகிறார். இப்படி நிறுத்தப்படுபவர் குடிமகனா இல்லையா என்பது நிறுத்திய பிறகுதான் தெரியும்.

அதே ஜூலையில், அருகிலுள்ள சான் பெர்னார்டினோ மறைமாவட்டத்தின் ஆயர் ஆல்பர்ட்டோ ரோஹாஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். பிடிபடுவோம் என்ற அச்சத்தால் ஆலயத்துக்கு வர இயலாதவர்களுக்கு ஞாயிறு திருப்பலிக் கடமையிலிருந்து விலக்கு அளித்தார். வீட்டிலேயே செபிக்கவும், விவிலியம் வாசிக்கவும், செபமாலை சொல்லவும் அவர்களைக் கேட்டுக்கொண்டார். பெருந்தொற்றுக் காலத்தில் இத்தகைய விலக்கை நாமும் நம் மக்களுக்கு வாசித்திருக்கிறோம். அன்று மக்களை வீட்டுக்குள் இருத்தியது ஒரு நோய்.