நாற்பதடி தூரமும் ஒரு தகரப் பெட்டியும்

ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவின் காலி மனை ஒன்றில் பழைய டெம்போ டிராவலர் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், மேசை, சின்ன அடுப்பு வைத்து அதை வீடாக்கிவிட்டார். சினிமாக்காரர்களின் கேரவனுக்கு ஏழைத் தம்பி. ஊர் சுற்றாத நாட்களில் அதுதான் அவருடைய ஆபீஸ். வீட்டு வைஃபையின் பெயர் வண்டிக்குள் போனில் தெரியும். மீட்டிங் தொடங்கியதும் திரையில் முகம் உறைந்துவிடும்.

"நாற்பதடிதான் சார், இதுக்கே இப்படியா?" என்றார்.

தூரத்தின் மேல் பழி போட முடியாது. 2000களின் நடுவில், அரவிந்த் கண் மருத்துவமனை தன் தேனி கிளையைச் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களோடு வைஃபையாலேயே இணைத்தது. உடன் உழைத்தவர்கள் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள். பத்து கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தில் இருந்த நோயாளியோடு தேனி மருத்துவர் வீடியோவில் பேசினார். உயரத்தில் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கும் ஆன்டெனாக்கள், நடுவே தடையில்லாத வெளி, அவ்வளவுதான். இடைஞ்சல் வேறு இடத்தில் இருந்தது. வைஃபை கொஞ்சம் பொறுமையில்லாத ஜீவன். அனுப்பிய ஒவ்வொரு துண்டுக்கும் 'வந்து சேர்ந்தது' என்ற பதில் உடனே வர வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் தொலைந்துவிட்டது என்று மறுபடி அனுப்பும். நெடுந்தூரத்துக்கு அது ஒத்துவராது என்பதால் அந்த நடைமுறையையே மென்பொருளில் மாற்றினார்கள்.

அப்படியானால் நம் நாற்பதடியை மறிப்பது எது? வண்டியேதான். உலோகத்தால் சூழப்பட்ட அறைக்குள் வெளி மின்புலம் நுழையாது என்று மைக்கேல் ஃபாரடே 1836இலேயே காட்டிவிட்டார். நம் வண்டி அந்த அறைக்கு நெருங்கிய உறவு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். தகரத்தில் மோதினால் திரும்பிவிடும். ஜன்னல் கண்ணாடி வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். நண்பரோ மே மாத வெயிலுக்குப் பயந்து உட்சுவர் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டி, ஜன்னலுக்கும் பளபளக்கும் சன் ஃபிலிம் போட்டிருந்தார். வெயிலோடு வைஃபையும் வெளியே நின்றுவிட்டது.

முதலில் ரிப்பீட்டர் வாங்கி வண்டிக்குள் வைத்தார். எல்லாரும் செய்கிற தப்பு. தன் காதில் விழாததை ரிப்பீட்டர் எப்படித் திருப்பிச் சொல்லும்? தவிர, ஒரே அலைவரிசையில் கேட்கவும் பேசவும் செய்வதால் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் பாதியாகும்.

செய்ய வேண்டியது, காதைத் தகரத்துக்கு வெளியே வைப்பது. மழை வெயில் தாங்கும் வைஃபை ரிசீவர் ஒன்றை வண்டிக் கூரையில் மாட்டி, வீட்டு மாடியை நோக்கித் திருப்ப வேண்டும். ஒரே கேபிளில் கரண்டும் இணையமும் போகும். அந்தக் கேபிள் உள்ளே இருக்கும் குட்டி ரவுட்டரில் முடியும். ஹாலில் டிவிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வீட்டு ரவுட்டரையும் ஜன்னல் பக்கம் நகர்த்த வேண்டும். சங்கர நேத்ராலயா 2003இல் இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்போடு கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கிய கண் மருத்துவப் பேருந்துக்கும் இதே விதிதான்: ஆன்டெனா வெளியே, ஆள் உள்ளே.

நெருக்கமான தெருக்களில் இன்னொரு தொல்லை உண்டு. 2.4இல் 13 சேனல்கள் இருந்தாலும் ஒன்றோடொன்று உரசாதவை 1, 6, 11 மூன்றே. வீட்டுக்கு வீடு ரவுட்டர் இருக்கும்போது அங்கே சந்தை இரைச்சல்தான். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம்; ஆனால் சுவரைக் கண்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும். ரிசீவர் வெளியே இருந்தால் அந்தக் கவலையும் குறையும்.

என்னைக் கேட்டால், வண்டி வீட்டோரம் மாதக்கணக்கில் நிற்குமானால் அலையே வேண்டாம். வெளிப்புறத்துக்கான நெட்வொர்க் கேபிளை பிவிசி பைப்பில் விட்டு இழுத்துவிடலாம். 100 மீட்டர் வரை தாங்கும். கேபிள் வண்டிக்குள் நுழையும் ஓட்டைக்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு தொய்வு விட வேண்டும். ஐப்பசி மழை கேபிளோடு வழிந்து அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே வராது.

நண்பரிடம் சொன்னேன். கேபிள் வேண்டாம், ரிசீவரே போதும் என்றார். மனைக்காரர் போன வாரம் வந்து நான்கு மூலையிலும் கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறாராம்.