கிளட்ச் மாற்றிய பிறகு ஹெட்லைட் ஏன் மங்குகிறது?

கிளட்ச் பிளேட் மாற்ற ஒர்க்‌ஷாப்பில் விட்ட கார் மாலையில் வீடு திரும்புகிறது. கிளட்ச் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் மறுநாள் காலையில் செல்ஃப் திணறித் திணறிச் சுற்றுகிறது. ஓடும்போது ஹெட்லைட் மங்கலாக எரிகிறது; அதைப் போட்டால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது. போன் செய்து கேட்டால், “கிளட்ச் வேலை மட்டும்தான் சார் பார்த்தோம், வயரிங் பக்கமே போகலை” என்கிறார் மெக்கானிக். பேட்டரி போய்விட்டது, மாற்றிவிடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

பேட்டரிக் கடைக்குப் போவதற்கு முன்னால் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த வேலைக்காக எதையெல்லாம் கழற்றினீர்கள்? நேற்றுவரை இல்லாத மின்கோளாறு ஒரு ரிப்பேருக்குப் பிறகு முளைத்தால், கைபட்ட இடத்திலிருந்துதான் தேட ஆரம்பிக்க வேண்டும். காரில் வயர் நடுவில் அறுந்துபோவது அபூர்வம். போல்ட் போட்டு இறுக்கிய இடம், கப்ளர் மாட்டிய இடம், ஃபியூஸ் செருகிய இடம் என்று இணைப்புகளில்தான் பெரும்பாலும் கோளாறு வரும். ரிப்பேர் என்பதே இணைப்புகளைப் பிரித்துச் சேர்க்கிற வேலைதானே.

கிளட்சுக்கே வருவோம். வீட்டு வயரிங்கில் மின்சாரம் போக ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி இருக்கும். காரில் திரும்பும் வழி பெரும்பாலும் பாடியின் இரும்புதான். பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும். விளக்கு, ஹாரன், வைப்பர் மோட்டார் எல்லாம் அந்த இரும்பு வழியாகவே பேட்டரிக்குத் திரும்புகின்றன. இதைத்தான் எர்த் என்கிறோம். ஆனால் இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பரில் மின்சாரம் போகாது. அதனால் தாமிரக் கம்பிகளைப் பின்னிய ஒரு பட்டையோ தடித்த கறுப்புக் கேபிளோ இன்ஜினையும் பாடியையும் இணைக்கும். பல கார்களில் அதன் ஒரு முனை கியர்பாக்ஸ் மேல்தான் இறுக்கப்பட்டிருக்கும். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். இறக்க அந்த போல்ட்டைக் கழற்றியாக வேண்டும். திரும்ப ஏற்றும்போது பட்டையை மாட்ட மறந்தாலும், துருவும் கிரீஸும் படிந்த இடத்தில் அப்படியே வைத்து இறுக்கினாலும், மேலே சொன்ன அத்தனை கோளாறும் வரிசையாக வரும். மெக்கானிக் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது போல்ட் வேலை, வயரிங் வேலை அல்ல.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இதன் கனம் புரியும். செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்றும்போது 150 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். எர்த் இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். செல்ஃப் சுற்றும் நேரத்தில் நல்ல பேட்டரியே 10, 11 வோல்ட்டுக்கு இறங்கி நிற்கும். அதிலும் 1.5 போனால் மோட்டார் திணறாமல் என்ன செய்யும்?

பட்டையே மாட்டப்படவில்லை என்றால் நிலைமை இன்னும் மோசம். மடை அடைபட்டால் தண்ணீர் வரப்பில் வழி தேடுவதுபோல, மின்சாரம் கிடைத்த வழியில் திரும்பப் பார்க்கும். ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் கேபிள், சென்சார்களின் மெல்லிய எர்த் வயர் எல்லாம் அதற்கு வழிதான். அவ்வளவு மின்சாரத்தைத் தாங்கச் செய்யப்படாத கேபிள் சூடாகி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகி இறுகிப்போகும். டெம்பரேச்சர் முள் ஆடுவதற்கும் இந்த எர்த் கோளாறே காரணம். பழைய மாதிரி கார்களில் அந்த சென்சாருக்கு எர்த்தே இன்ஜின் உடம்புதான். ஹெட்லைட் போட்டதும், இன்ஜினில் பொருத்தியிருக்கும் ஆல்டர்னேட்டருக்குத் திரும்பும் மின்சாரம் கூடி, இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே வோல்ட் வித்தியாசம் ஏற்படுகிறது. மீட்டர் அதையும் சேர்த்துச் சூடு என்று காட்டுகிறது. உண்மையில் இன்ஜின் சூடாகவே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தலையில் வையுங்கள். அதன்மேல் மாட்டியிருக்கும் கிளாம்ப்பில் வைக்கக் கூடாது. மறுமுனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் அழுத்துங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். இன்னொருவர் செல்ஃப் அடிக்கும்போது மீட்டரைப் பாருங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நலம். அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு அந்த வழியில்தான். ‘பீப்’ சத்தம் வைத்துச் சோதிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. இந்த இடத்தில் அது ஏமாற்றிவிடும். பட்டையில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் பீப் அடிக்கும். ஆனால் 150 ஆம்பியர் அந்த இழையில் போகாது.

அடுத்து கப்ளர். ஒரு கப்ளரைக் கையில் எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு வயரின் முனையிலும் ஒரு சின்ன உலோகப் பின் இருக்கும். பிளாஸ்டிக்குக்குள் நகம் அளவுகூட இல்லாத ஒரு நாக்குதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அவசரத்தில் வயரைப் பிடித்து இழுத்துக் கழற்றினால் அந்த நாக்கு தளர்ந்துவிடும். திரும்ப மாட்டும்போது எதிரிலிருக்கும் பின், இதைப் பின்னால் தள்ளிவிடும். வெளியே ‘டிக்’ என்று லாக் விழும், பார்க்க மாட்டியது போலவே இருக்கும், உள்ளே ஒரு பின் மட்டும் தொடாமல் நிற்கும். மேடு பள்ளத்தில் வந்து போகும் கோளாறுகளில் பல இப்படிப்பட்டவை. சோதிக்கிறேன் என்று டெஸ்டர் ஊசியைக் கப்ளரின் முன்பக்கத் துளையில் குத்துவதும் தவறு. துளை விரிந்து பிடிமானம் போய்விடும்; இன்று இல்லாத லூஸ் கான்டாக்ட் அடுத்த மாதம் வரும்.

எந்த வேலைக்குப் பிறகு எந்த விளக்கு எரிகிறது என்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஏர் ஃபில்டர் மாற்றியதும் செக் இன்ஜின் விளக்கு வந்தால், அதன் அருகில் உள்ள காற்றளவு சென்சாரின் கப்ளரைப் பாருங்கள். சீட் கவர் தைக்க சீட்டைக் கழற்றியபின் ஏர்பேக் விளக்கு எரிந்தால், சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கப்ளர். அதில் நீங்கள் கை வைக்காதீர்கள். மஞ்சள் நிறமே எச்சரிக்கைதான். ஸ்டீயரிங் வேலைக்குப் பிறகு ஹாரனும் ஏர்பேக்கும் ஒன்றாகப் போனால், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் நாடாவாகச் சுற்றியிருக்கும் வயர் அதிகம் முறுக்கப்பட்டு அறுந்திருக்கும். வீல் பேரிங் மாற்றியபின் ஏபிஎஸ் விளக்கு வருவது இன்னும் சுவாரசியமானது. பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்கத்தில் காந்த வளையம் பதித்திருக்கும். அது சுற்றுவதைப் பார்த்துத்தான் சென்சார் சக்கரத்தின் வேகத்தை அறிகிறது. பேரிங்கைத் திருப்பி அடித்துவிட்டால் சக்கரம் எந்தக் குறையுமில்லாமல் சுற்றும், சென்சாருக்கு மட்டும் ஒன்றுமே தெரியாது. அப்போது சென்சாரை மாற்றிப் பயனில்லை.

மீட்டரில் நான்கைந்து விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தால் நான்கைந்து பாகங்கள் ஒன்றாகக் கெட்டதாக நினைத்துப் பயப்பட வேண்டாம். இன்றைய காரில் இன்ஜின், பிரேக், ஏர்பேக், மீட்டர் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சின்னக் கணினிகள் உண்டு. அவை இரண்டே வயர்களில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. கேன் எனப்படும் இந்த முறையை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கி 1986-ல் வெளியிட்டது. அந்த வயர் ஜோடியின் இரு கோடியிலும் 120 ஓம் தடைகள் இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டுக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் எங்கோ ஒரு பக்கம் தொடர்பு விட்டிருக்கிறது. பம்பர் வேலையிலோ டேஷ்போர்டு வேலையிலோ இந்த ஜோடியில் ஒரு வயர் நசுங்கி பாடியைத் தொட்டாலே போதும், கணினிகள் ஒன்றையொன்று காணாமல் ஆளுக்கொரு விளக்கை எரியவிடும். இந்த நேரத்தில்தான் இன்ஜின் கணினியைக் குறித்து “ஈசிஎம் போயிடுச்சு” என்று பெரிய தொகை சொல்வார்கள். அதற்கு வரும் சப்ளையையும் எர்த்தையும் கப்ளரையும் அளந்து காட்டாமல் ஈசிஎம் மாற்ற ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

ஸ்கேனர் காட்டும் ‘கோடு’ என்ற கோளாறுக் குறியீட்டையும் சரியாகப் படிக்க வேண்டும். பி0113 என்று வந்தால், உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைச் சொல்லும் சுற்றில் வோல்ட் அதிகம் என்று பொருள். கப்ளர் மாட்டாமல் விட்டாலும் இதே கோடுதான் வரும். எந்தச் சுற்றில் பிரச்சினை என்று மட்டுமே கோடு சொல்லும். எந்தப் பாகம் என்பதை ஆள்தான் தேட வேண்டும்.

சில மாற்றங்கள் கோளாறே அல்ல. வேலைக்காக பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம் பின்னால் போகும். ஐட்லிங் சற்று நேரம் ஏறி இறங்கும். கண்ணாடி தானாக மேலேறுவது நின்றுபோகும். பல கார்களில் கண்ணாடியை முழுக்க ஏற்றி, சுவிட்சைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் அது சரியாகிவிடும். ஆனால் இரவோடிரவாக பேட்டரி இறங்குவது அப்படி விடக்கூடியதல்ல. பூட்டி நிறுத்திய காரில் கணினிகள் எல்லாம் உறங்கியபின் 50 மில்லி ஆம்பியருக்குள் ஓடினால் சரி. ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணிதான் போகும். அரை ஆம்பியர் ஓடினால் நாளுக்கு 12 ஆம்பியர் மணி. சின்னக் காரின் 35 ஆம்பியர் மணி பேட்டரி மூன்றே நாளில் காலி. புதிதாகப் பொருத்திய ஸ்டீரியோவையும் கேமராவையும் முதலில் சந்தேகியுங்கள்.

இனி ஒர்க்‌ஷாப்பில் காரை எடுக்கும்போது, பணம் கட்டுவதற்கு முன் அங்கேயே சாவியைத் திருப்பி, மீட்டர் விளக்குகள் எல்லாம் வந்து அணைகின்றனவா என்று பாருங்கள். ஹாரன், ஹெட்லைட், கண்ணாடி, ஏசி எல்லாவற்றையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். கோளாறு தெரிந்தால் அதே இடத்தில் சொல்லி ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். செய்த வேலையில் குறை இருந்தும் சரிசெய்ய மறுத்தால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். அங்கே ஜாப் கார்டும் பில்லும்தான் பேசும். இன்னொன்று: ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் இருந்த இடத்தில் 20 ஆம்பியர் மஞ்சளைப் போட யார் வந்தாலும் விடாதீர்கள். ஃபியூஸ் போகாவிட்டால் அடுத்து எரிவது வயர்.