கலைஞர்களுக்கும் கூட்டுறவு

நெசவாளருக்கும் பால் உற்பத்தியாளருக்கும் கூட்டுறவு அளித்துவரும் பயனை நாம் அறிவோம். ஓவியருக்கும் கூத்துக் கலைஞருக்கும் அது எவ்வாறு பொருந்தும் எனச் சிலர் வினவுவர். கலை ஒருவரது தனி உள்ளத்தில் பிறப்பது என்பது மெய்யே. எனினும், கலைஞரின் கூரையும் அடுப்பும் கருவிகளும் விற்பனையும் பலர் கூடித் தேடிக்கொள்ளத் தக்கவை.

தனித்து நிற்கும் ஓவியர் முன் பெரும்பாலும் இரண்டு வழிகளே உள்ளன. வாங்குவோர் விரும்பியதை மட்டும் வரைவது ஒன்று. தூரிகையைக் கைவிட்டு வேறு வேலை தேடுவது மற்றொன்று. இரண்டினாலும் கலைக்கு இழப்பே நேர்கிறது.

இதற்கு மாற்று வழி உண்டென்பதற்குச் சோழமண்டலம் ஓவியர் கிராமம் சான்றாகும். சென்னை அரசு கலைக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர், பயிற்சி முடித்த இளைஞர் பலர் பிழைப்பின் பொருட்டுக் கலையைத் துறப்பதைக் கண்டு கவலையுற்றார். அவரும் மாணவரும் கைவினைச் சங்கம் ஒன்றை நிறுவினர். துணியில் மெழுகிட்டுச் சாயந்தோய்க்கும் பாத்திக் வேலையில் ஈட்டிய பணத்தைக் கொண்டு, 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிக் குடியேறினர். சங்கத்தின் வாயிலாகப் பொருள்கள் விற்பனையாயின. விற்ற தொகையில் ஒரு பங்கு பொதுச் செலவுக்குச் சேர்ந்தது.

இம்முறையின் நுட்பம் எளியது. கைவினை சோறு போட்டது. ஆகவே, ஓவியம் எவர் விருப்பத்துக்கும் தலைவணங்க வேண்டியதில்லை. பணிக்கர் 1977-இல் மறைந்தார். கிராமமோ இன்றும் நிலைத்திருக்கிறது.

நம் சிற்றூர்க் கலைஞர்களும் இவ்வழியைச் சிந்திக்கலாம். திருவிழாக் காலம் முடிந்தபின் வருவாயற்ற மாதங்களில் கூத்துக் கலைஞர் கடன் வாங்குகின்றனர். அதன் வட்டியே அடுத்த பருவத்தின் ஊதியத்தை விழுங்கிவிடுகிறது. பல குழுவினர் ஒரு சங்கமாக இணைந்தால், சிறு சேமிப்பிலிருந்து குறைந்த வட்டிக்கு முன்பணம் தரலாம். ஆடை அணிகளையும் மிருதங்கம், ஆர்மோனியம் போன்றவற்றையும் பொதுவில் வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். ஆட்டத்திற்குக் கூலி பேசும்போதும் ஒருவரை ஒருவர் குறைத்துப் பேசும் நிலை நீங்கும்.

இரண்டு விதிகளை மறத்தலாகாது. முதலாவது, அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்கு. வரவு செலவுக் கணக்கு அனைவரும் காணத் திறந்திருத்தல் வேண்டும். இரண்டாவது, சங்கம் பணத்தையும் பண்டத்தையும் நிர்வகிக்கலாமேயன்றி, எதை வரைவது, எப்படி ஆடுவது என்பதில் தலையிடலாகாது. முதல் விதி தவறினால் சங்கம் கலையும். இரண்டாம் விதி தவறினால் கலை அழியும்.

பத்துக் கலைஞர் உள்ள ஊரிலும் இம்முயற்சியைத் தொடங்கலாம். மாதந்தோறும் சிறு தொகை சேர்த்து, கணக்கெழுத ஒருவரைத் தேர்ந்து கொள்வதே முதற்படியாகும்.